தலையணை உறைகளில் இஞ்சி வாசனை

உலர்த்தும் மெஷினின் கதவைத் திறந்ததும் இஞ்சி வாசனை முகத்தில் வந்து மோதியது. சூடான, காரமான, மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிற வாசனை. உள்ளே கிடந்தவை ஹோட்டலின் தலையணை உறைகள். வெள்ளை வெளேரென்று ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி முழுக்க யாரோ உள்ளே உட்கார்ந்து டீ போட்டது போல மணத்தது. கையை விட்டுப் புரட்டினேன். அடியில் பந்தாகச் சுருண்டு கிடந்தது என் மனைவியின் ஏப்ரன். அதன் பையில், வெந்து, நசுங்கி, காய்ந்து, நார் நாராகிப் போயிருந்த இஞ்சி.

அந்தச் சலவையகத்தில் என் வேலையே பைகளைத் துழாவுவதுதான். வருகிற துணியைத் தரம் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். பேனா, சாவி, சில்லறை, மடித்து மடித்து மறந்துபோன பயணச்சீட்டு எல்லாம் கிடைக்கும். ஒருமுறை ஒரு பல்செட்டு கிடைத்தது. அதைத் தேடிக்கொண்டு வந்த மனிதர் வாயைக் கையால் பொத்திக்கொண்டே என்னிடம் அடையாளம் சொன்னார். என் கையைத் தாண்டாமல் ஒரு நூலும் மெஷினுக்குள் போகாது என்று முதலாளியம்மா வருகிறவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார். அந்த ஏப்ரன் என் கைக்கு வரவில்லை. அவளே நேராகக் கொண்டுபோய் மெஷினுக்குள் போட்டிருக்கிறாள். ஏன் போட்டாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய கடைசி மாதங்களைப் பற்றியே கேட்டார்கள். எந்த டாக்டர், என்ன மருந்து, கடைசியில் ஏதாவது பேசினாளா. நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒவ்வொருவரும் எழுந்து போன பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது போல இருக்கும். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது அந்தத் தலையணை உறைகளைப் பற்றித்தான். துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கச் சிரிக்க எப்படிச் சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் அவள் இரண்டு முறை முழுகாமல் இருந்தாள். இரண்டு முறையும் தங்கவில்லை. முதல் முறை, தெரிந்த மறுநாளே சலவையகம் முழுக்கச் சொல்லிவிட்டாள். தெருவில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், காய்கறிக்கடையில் சொன்னாள். சந்தோஷத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண். இரண்டாம் முறை கொஞ்சம் அடக்கமாக, நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று ஆரம்பித்தாள். அவளுக்கு நெருங்காதவர்கள் யாரும் இல்லாததால் அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் முறை நாள் தள்ளியபோது என்னிடம் சொல்லிவிட்டு, நான் சிரிப்பதற்குள் என் வாயைக் கையால் மூடினாள்.

"யாருக்கும் சொல்லக் கூடாது. அஞ்சாவது மாசம் வரைக்கும்."

நான் தலையாட்டினேன்.

"சொல்றது சுலபங்க. இனிப்பு குடுக்கிற மாதிரி குடுத்துட்டு வந்துடலாம். அப்புறம் வீடு வீடாப் போய் அதைத் திருப்பி வாங்கணும் பாருங்க, அதுதான் என்னால முடியல. பஸ்ஸுல ஒரு பொண்ணு 'எப்போ?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா. அவ சிரிப்பை நான்தான் அணைக்க வேண்டியிருந்துச்சு. இந்தத் தடவை யாரும் என் வயித்தைப் பார்க்க வேண்டாம். அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

சரி என்றேன். ஆனால் அதுபாட்டுக்கு இருக்க மசக்கை விடவில்லை. முந்தைய இரண்டு முறையும் இப்படி இருந்ததில்லை. சலவையகம் என்பது வாசனைகளின் சந்தை. பிளீச்சிங் பவுடர், சோப்புத்தூள், நனைந்த துணியின் மக்கல், இஸ்திரி மேசையிலிருந்து எழும்பும் ஆவி. எதைக் கண்டாலும் அவளுக்குப் புரட்டியது. கிளினிக் நர்ஸிடம் கேட்டபோது, "இஞ்சி கொஞ்சம் வாயில போட்டுக்கோ. கொஞ்சம்னா கொஞ்சம். கூடை கூடையா தின்னு வைக்காதே" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இஞ்சி ராஜ்ஜியம். காலையில் எழுந்ததும் ஒரு விரலை உடைத்து எடுப்பாள். இஞ்சிக்கும் விரல்கள் உண்டு, கணுக்கள் உண்டு, குளிரில் மடக்கிக்கொண்ட கை போல இருக்கும் சில இஞ்சிகள். கரண்டி விளிம்பால் தோலைச் சுரண்டுவாள். கத்தியால் சீவினால் சதை போய்விடும் என்பாள். நகத்தைவிட மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்பைத் தூவி, எலுமிச்சை பிழிந்து டப்பாவில் வைப்பாள். இளம் இஞ்சியாக இருந்தால் சற்று நேரத்தில் வில்லைகளின் ஓரம் இளஞ்சிவப்பாக மாறும். "வெட்கப்படுது பாருங்க" என்று டப்பாவை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். இஞ்சியைத் தின்றால் முகம் எப்படிப் போகும் என்று உலகத்துக்கே தெரியும். அவளுக்கு மட்டும், ஒரு வில்லையைக் கன்னத்துக்குள் ஒதுக்கியதும், கழுவிய கண்ணாடி போல முகம் தெளிந்துவிடும்.

இஞ்சி வாங்குவது என் பொறுப்பு. காய்கறிக்கடைக்காரர் நான் எடுத்த முற்றல் இஞ்சியைப் பிடுங்கித் திரும்பப் போட்டுவிட்டு, குவியலுக்கு அடியிலிருந்து தோல் மின்னுகிற இளசாகத் தேடிக் கொடுப்பார். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கேட்காமல் இருப்பது என்னுடைய சாமர்த்தியத்தால்தான் என்று நினைத்தேன்.

ஏப்ரன் விஷயம் நடந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று காலையில் யாரோ பிளீச்சிங் டிரம்மின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவள் அதைத் தாண்டும்போது தாங்க முடியாமல் ஏப்ரன் மீதே வாந்தி எடுத்துவிட்டாள். யாரும் பார்ப்பதற்குள் கழற்றிச் சுருட்டி, பக்கத்தில் நிரப்பி வைத்திருந்த மெஷினுக்குள் திணித்துக் கதவைச் சாத்திவிட்டாள். பையில் இஞ்சி இருந்தது நினைவில்லை. துவைத்த துணியை உலர்த்தும் மெஷினுக்கு மாற்றியவன் ஈரப் பந்தை அப்படியே மாற்றியிருக்கிறான். அங்கே ஒரு மணி நேரம் கொதிக்கக் கொதிக்கச் சுற்றியதில் இஞ்சி தன் வேலையைக் காட்டிவிட்டது.

நான் ஏப்ரனை என் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நிமிர்ந்தபோது பின்னால் நெட்டையக்கா நின்றுகொண்டிருந்தார். என் மனைவியோடு சேர்ந்து விரிப்புகளை மடிக்கிறவர். கூரையில் ஒட்டடை அடிக்க அவருக்குக் குச்சி வேண்டாம் என்பதால் அந்தப் பெயர். என் சட்டை முன்னால் புடைத்திருப்பதைப் பார்த்தார். உறைகளைப் பார்த்தார்.

"குடுங்க தம்பி. டிரைவர் நிக்கிறான். மடிச்சு அனுப்பிடலாம்" என்று அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டார். மூக்கு அடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை முதலாளியம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். கையில் ஒரே ஒரு தலையணை உறை. பெரிய உருவம், பெரிய குரல், பெரிய மனசு, ஆனால் மூக்கு மட்டும் கிடையாது. தனியாக ஒரே ஒரு தொட்டியோடு தொழிலை ஆரம்பித்து, வருஷக்கணக்கில் பிளீச்சிங் நெடியில் நின்று நின்று வாசனை அறிகிற சக்தியே அவருக்குப் போய்விட்டது. வீட்டில் பால் கருகினால்கூடக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாராம்.

"ஹோட்டல்காரன் திருப்பி அனுப்பிட்டான். ஏதோ வாசனை வருதாம். என்ன வாசனைன்னு அவனுக்கும் சொல்லத் தெரியல. ஒவ்வொருத்தரா மோந்து பார்த்துச் சொல்லுங்க."

உறை முதலில் ஆவி அண்ணனிடம் போனது. நீராவி இஸ்திரி அவருடைய ராஜ்யம். எந்நேரமும் வெண்புகைக்கு நடுவிலிருந்து திடீரென்று தோன்றுவதால் எல்லோருக்கும் அவர் ஆவி அண்ணன். சட்டைக் காலரை மோந்து பார்த்து அதன் சொந்தக்காரர் முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடுவார். அவர் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்து, கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எலுமிச்சைங்க. சந்தேகமே இல்ல."

நெட்டையக்கா வாங்கி லேசாக மூக்கருகே கொண்டுபோனார். "புது சோப்புத்தூள். நான் அப்பவே சொன்னேன், அது வேண்டாம்னு."

டிரைவர் உறையை வாங்கவே இல்லை. "வண்டியில பெட்ரோல் டப்பா இருந்துச்சும்மா. என் தப்புதான்."

என் முறை வந்தது. "சளிம்மா" என்று மூக்கை உறிஞ்சிக் காட்டினேன்.

கடைசியாக அவள். கையை நீட்டினாள். இந்தப் பக்கம் பொய் சொல்லவும் வராது, அந்தப் பக்கம் உண்மையும் சொல்ல முடியாது. முதலாளியம்மா வெடுக்கென்று உறையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் மோந்து பார்க்க வேண்டாம். போய் வேலையைப் பாரு." பிறகு இடுப்பில் கையை ஊன்றி எங்கள் வரிசையை ஒரு முறை பார்த்தார். "எனக்கு மூக்கு போய் வருஷக்கணக்கா ஆச்சு. உங்க எல்லாருக்கும் ஒரே ராத்திரியில எப்படிடா போச்சு?"

ஆவி அண்ணன் மெல்லப் புகைக்குள் போய் மறைந்துகொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "தப்பிச்சோம்ங்க. ஒருத்தருக்கும் தெரியல!" என்று குதிக்காத குறை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எலுமிச்சைக்கும் இஞ்சிக்கும் வித்தியாசம் தெரியாதவரா ஆவி அண்ணன்? டிரைவரின் வண்டி டீசல் வண்டி. அதில் பெட்ரோல் டப்பாவுக்கு என்ன வேலை? எல்லாம் எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஆமா, தப்பிச்சோம்" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் முதலாளியம்மா ஒரு கூடை இஞ்சியோடு வந்து இறங்கினார். அசல் கூடை. மண் ஒட்டிய, கொம்பும் கிளையுமான இஞ்சி. மடிக்கும் மேசை மீது தொப்பென்று வைத்தார்.

"ஹோட்டல்லேர்ந்து மறுபடி போன் வந்துச்சு. அந்த வாசனை அங்க தங்கினவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். அதே வாசனை வேணுமாம். அது என்னன்னு பார்த்தா இஞ்சியாம்! இத்தனை பேரு மோந்து பார்த்தீங்களே, மூக்கா அது, முகத்துல ஒட்டவெச்ச மாவா?"

எல்லோரும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டோம். மிக நன்றாகக் குனிந்துகொண்டோம்.

"இனிமே மடிக்கிற இடத்துல நறுக்கின இஞ்சி இருக்கணும். காத்துலயே துணியில ஏறிக்குமாம். யாராவது ஒருத்தர் உக்காந்து நறுக்கிக்கிட்டே இருக்கணும்." சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொருவர் கையையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் வேறு வழியே இல்லாதது போல என் மனைவியிடம் வந்து நின்றார். "உனக்குத்தான் கை சன்னமா வரும். உக்காரு."

ஆவி அண்ணன் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதில் ஏற்கெனவே ஒரு மெத்தை கட்டியிருந்தது.

இப்படியாக என் மனைவி இஞ்சிக்கு நடுவில் மகாராணி போல உட்கார்ந்தாள். வில்லையை நறுக்குவாள், தட்டில் பரப்புவாள், நடுநடுவே ஒன்று வாய்க்குள் போகும். இனி யாரும் என்ன வாசனை என்று கேட்க முடியாது. சலவையகமே இஞ்சியாக மணக்கிறதே. அவளுடைய ரகசியத்துக்கு அதைவிடப் பெரிய போர்வை கிடைக்காது. "அதிர்ஷ்டத்தைப் பாருங்க" என்று தினமும் சாயங்காலம் வியந்துபோவாள். ஈர மூட்டைகள் அவள் பக்கம் வருவதே நின்றுவிட்டது. பிளீச்சிங் டிரம் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்தபோது எல்லோரும் அவளிடம் பேசும்போது நெற்றியைப் பார்த்துப் பேசினார்கள், அங்கே ஏதோ எழுதியிருப்பது போல. ஒருநாள் அவளே கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என் நெத்தியில ஏதாவது இருக்காங்க?" என்று என்னிடம் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

கூடையில் மீந்த இஞ்சி ஒன்றில் முளை விட்டிருந்தது. ஆவி அண்ணன் அதை எடுத்து, காலியான சோப்புத்தூள் வாளியில் மண் நிரப்பி நட்டு, பாய்லர் அறைச் சுவரோரம் வைத்தார். அந்தச் சூட்டில் அது மூங்கில் கன்று போலச் சரசரவென்று இலை விட்டது. இலையைக் கசக்கினால்கூட மணத்தது. தண்ணீர் ஊற்றும்போது அதனிடம் என்னவோ முணுமுணுப்பார். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "சும்மா இருன்னு சொல்றேன். அவசரப்படாத, மண்ணுக்குள்ளயே இருன்னு" என்றார்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நான் கவனித்தும் யோசிக்காமல் விட்டேன். இஞ்சி வந்த நாளிலிருந்து ஹோட்டல் துணிகள் எல்லாம் மாடி அறையில்தான் மடிக்கப்பட்டன. கீழே இஞ்சிக்குப் பக்கத்தில் மடிக்கப்பட்டவை கார் பட்டறைக்காரர்களின் நீல உடுப்புகள். தெருமுனைப் பட்டறையில் மெக்கானிக்குகள் அத்தனை பேரும் இஞ்சி மணக்க மணக்க வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை.

முந்தைய இரண்டும் போன அந்த மாதம் வந்தது. அவள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். நடக்கும்போது தளும்பக் கூடாத பாத்திரத்தை ஏந்திக்கொண்டு போவது போல நடந்தாள். ஒரு மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "வலிக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். முதலாளியம்மாவிடம் பல்வலி என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே, "பல்வலிக்கு நடந்து போகக் கூடாது. வண்டியில போங்க" என்றார். டிரைவர் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பியிருந்தான். எங்கே போக வேண்டும் என்று கேட்கவில்லை. கிளினிக் வாசலில், பள்ளம் மேடு ஒன்றும் தெரியாமல், பூ வைப்பது போல வண்டியை நிறுத்தினான்.

ஒன்றுமில்லை. வெறும் வாயுப் பிடிப்பு. நர்ஸ் ஒரு குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இஞ்சியைக் குறைச்சுக்கோ" என்றார். வெளியே வந்து மரத்தடியில் நின்று அவள் அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேலைக்குப் போயிடலாம்ங்க. போகலைன்னா சந்தேகப்படுவாங்க" என்றாள்.

நாங்கள் சலவையகத்துக் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஒரு மெஷினும் ஓடவில்லை. எல்லோரும் நாங்கள் கிளம்பும்போது பார்த்த இடங்களிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். கதவுச் சத்தம் கேட்டதும் ஒரே நேரத்தில் அத்தனை பேரும் வேலையில் பாய்ந்தார்கள். நெட்டையக்கா ஏற்கெனவே மடித்த விரிப்பை உதறிப் பிரித்து மறுபடி மடித்தார். ஆவி அண்ணன் ஒரு சட்டையை வெகு மும்முரமாகத் தேய்த்தார். இஸ்திரியின் விளக்குகூட எரியவில்லை. நாங்கள் போகும்போது என் மேசையருகே இருந்த துணிக்குவியல் துளியும் குறையாமல் அதே உயரத்தில் நின்றது. முதலாளியம்மா எங்கள் இருவர் முகத்தையும் ஒரு நொடி பார்த்தார். பிறகு அவளிடம், "பல்லு எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கும்மா."

"ஆடலையே?"

"இல்லம்மா. கெட்டியா இருக்காம்."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளறைக்குப் போய்விட்டார். அங்கே அவர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. வாசனைக்குத்தான் உதவாது, மற்றதற்கெல்லாம் அந்த மூக்கு நன்றாகவே வேலை செய்தது.

அடுத்த மாதம் ஒருநாள் டிரைவருக்குக் கையாள் வேண்டியிருந்ததால் நானும் ஹோட்டலுக்கு வண்டியில் போனேன். பின்கட்டில் துணிகளை எண்ணி வாங்குகிறவர் ஒரு உறையை எடுத்து மோந்து பார்த்தார். நான் பெருமையாக, "வாசனை எப்படி?" என்றேன்.

"இப்போ பரவாயில்ல. அப்போ ஒருதடவை சமையக்கட்டு மாதிரி அடிச்சுதே, தங்கியிருந்தவங்க எல்லாம் கத்திட்டாங்க. உங்கம்மா ஞாயித்துக்கிழமை அத்தனையையும் தானே துவைச்சு எடுத்துட்டு வந்து, இனிமே இப்படி ஆகாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஏன், மறுபடி ஏதாவது போடப் போறீங்களா?"

"இல்ல, இல்ல" என்றேன்.

திரும்பும்போது டிரைவர் சாலையை மட்டுமே பார்த்து வண்டி ஓட்டினான். வெகு தூரம் போன பிறகு, "அண்ணே, அண்ணிக்குச் சொல்லிடாதீங்க" என்றான். எதை என்று நான் கேட்கவில்லை. அப்புறம் இருவரும் சிரிக்க ஆரம்பித்தோம். ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுச் சிரிக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தும் நான் சொல்லவில்லை. யாரும் தன் வயிற்றைப் பார்க்க வேண்டாம் என்றாள். யாரும் பார்க்கவில்லை. அதற்காக இத்தனை பேர் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தால், மறுபடி அத்தனை கண்களையும் சுமக்க வேண்டி வரும் என்று பயந்தேன்.

ஐந்தாவது மாதம் முடியப்போகும் ஒரு காலை, கிளினிக்கிலிருந்து நேராக வேலைக்கு வந்தோம். நர்ஸ் சொன்னதைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. "இன்னைக்குச் சொல்லிடலாம்" என்றாள். சலவையகத்தின் நடுவில் போய் நின்று, மெஷின்களை நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் வந்து கூடினார்கள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. நெட்டையக்கா உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா கூரையைப் பார்த்தார். அவள் தொண்டையைச் செருமினாள்.

"உங்க எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லணும்."

"ஐயையோ! நெசமாவா!" என்று கத்தினார் ஆவி அண்ணன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போய், துணிக்கூடைக்குள் உட்கார்ந்தே விட்டார். "நாங்க கனவுலகூட நெனைக்கலையே!"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் இன்னும் சொல்லவே இல்லையே."

முதலாளியம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார். "இத்தனை மாசம் கட்டிக் காப்பாத்தினதை ஒரே வாயில கெடுத்தியேடா பாவி."

பிற்பாடு எங்கள் மகள் வளர்ந்து, ஆவி அண்ணன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கூச்சலை நடித்துக் காட்டச் சொல்லி அடம்பிடிப்பாள். வயசாகி முட்டி மடங்காத காலத்திலும் அவர் ஒரு கூடையைத் தேடி எடுத்து அதற்குள் விழுந்து காட்டுவார். ஆனால் அன்று யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் மெதுவாக ஒவ்வொருவராகப் பார்த்தாள். கூடையிலிருந்து எழ முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவரிடம் முதலில் போனாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"உறையை மோந்து பார்க்கும்போதும்மா. எலுமிச்சைன்னு சொன்னேனே, நாக்கு வெந்துபோச்சு."

டிரைவரிடம் போனாள். அவன் தலையைச் சொறிந்தான். முதலாளியம்மாவிடம் போனாள். "எனக்கு என்ன தெரியும், மூக்கில்லாத கட்டை" என்றார் அவர். "அந்த ஹோட்டல்காரன் போன்..." என்று அவள் ஆரம்பித்ததும், "எந்த ஹோட்டல்காரன்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியாக நெட்டையக்கா முன்னால் போய் நின்றாள்.

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்டி" என்றார் நெட்டையக்கா. "நாம ரெண்டு பேரும் ஒரே துணியோட ரெண்டு முனையைப் பிடிச்சு எத்தனை வருஷமா மடிக்கிறோம்? ஒருநாள் நீ உன் முனையை வழக்கம்போல வயித்தோட சேர்த்துப் பிடிக்காம கொஞ்சம் தள்ளிப் பிடிச்ச. அப்பவே தெரியும்."

அப்போதுதான் அவள் சிரித்தாள். முதலில் சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு நெட்டையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழிய, நிற்க முடியாமல் சிரித்தாள். எங்கள் எல்லோருக்கும் அது தொற்றிக்கொண்டது. டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூச்சு வந்தபோது அவள் சொன்னாள், "இப்பவாவது என் வயித்தைப் பாருங்கய்யா எல்லாரும்! நெத்தியையே பார்த்துப் பார்த்து அங்க பள்ளம் விழுந்துடப் போகுது." எல்லோரும் பார்த்தார்கள். வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள்.

"போதும், போதும், வேலையைப் பாருங்க" என்று கையைத் தட்டினார் முதலாளியம்மா. "விருந்து மண்டபத்து நீள விரிப்பு வந்து காஞ்சுகிட்டு இருக்கு. எல்லாரும் கை போடுங்க. நீ வராதே, தள்ளி நில்லு."

அந்த விரிப்பு ஒரு மண்டப மேசை முழுவதையும் மூடுகிற நீளம். எத்தனை பேர் இருந்தாலும் கை போதாது. நாங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று விளிம்பைப் பிடித்தோம். சுருக்கம் போவதற்கு ஒரே மூச்சில் தலைக்கு மேலே தூக்கி உதற வேண்டும். ஆவி அண்ணன் "ஹோய்" என்று குரல் கொடுக்க, தூக்கினோம். அடியில் காற்று புகுந்து விரிப்பு புடைத்து எழுந்தது. கூரைச் சன்னலின் வெயில் அதன் மேல் விழுந்து, அறை முழுவதும் பால் போல ஆனது.

அது தாழ்வதற்குள் அவள் குனிந்து அடியில் புகுந்துவிட்டாள். நெட்டையக்கா நின்ற முனையிலிருந்து என் பக்கமாக நடந்து வந்தாள். ஒரு கை வயிற்றில், இன்னொரு கை மேலே, விரல் நுனியால் துணியைத் தடவிக்கொண்டு. எனக்குத் துணியின் வழியாக அவள் நிழல்தான் தெரிந்தது. முன்னால் வயிறு, பின்னால் அவள். "ஏய், வெளிய வாடி!" என்று முதலாளியம்மா கத்தினார். உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. எங்கள் தோள்கள் கடுக்க ஆரம்பித்தன. நாங்கள் ஒருவரும் கையை இறக்கவில்லை.